மலைக்கு அந்தப் பக்கம் தோட்டம்

1998ஆம் ஆண்டு இலண்டனில் எனக்கு முதலில் கிடைத்த வேலை, வைன் இறக்குமதி செய்யும் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குவது. பன்னிரண்டு போத்தல் கொண்ட ஒரு பெட்டி ஏறத்தாழ 16 கிலோ இருக்கும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் என்று நாடு நாடாகப் பிரித்து அடுக்கியிருப்பார்கள். ஒரு மூலையில் லெபனான் என்று எழுதிய பெட்டிகள் கொஞ்சம் இருந்தன. பெயர் ஷாதோ முசார். பழம் பறித்த ஆண்டு 1991.

அந்தப் பெட்டியை முதல்முறை தூக்கியபோது அப்படியே நின்றுவிட்டேன். லெபனானைப் பற்றி அன்று எனக்குத் தெரிந்தவை இரண்டுதான். ஒன்று, சிறுவயதில் வானொலியில் கேட்ட போர்ச் செய்திகள். மற்றது, என் சித்தி. அவர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெய்ரூட்டுக்கு வடக்கே, ஜூனியே என்ற கடற்கரை நகரத்தில் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தார். இலங்கைப் பெண்கள் அவ்வளவு பேர் அந்த நாட்டில் அப்படி உழைத்தார்கள். ‘இலங்கைக்காரி’ என்ற அரபுச் சொல்லே அங்கே வேலைக்காரியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. சித்தியின் கடிதங்களில் மலை வரும், கடல் வரும், ஆரஞ்சு மரங்கள் வரும். வைன் வந்ததில்லை.

கிடங்கின் மேற்பார்வையாளர் நரைத்த தாடிக்காரர், பொறுமையானவர். நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அருகில் வந்தார். “இவர்களிடம் 1976 கிடையாது, 1984 கிடையாது” என்றார். ஏன் என்று கேட்டேன். “போர். பழம் ஒழுங்காக வந்து சேரவில்லை.”

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் மறந்திருப்பேன். வந்து சேராத பழம் எனக்குத் தெரிந்த விடயம்.

எங்கள் வீடு உரும்பிராயில். யாழ்ப்பாணத்தில் திராட்சையை முந்திரிகை என்போம். தமிழகத்து நண்பர்கள் இதைக் கேட்டால் முந்திரிப்பருப்பை நினைத்துக்கொள்கிறார்கள். அது எங்களுக்குக் கஜு. ஐயா செம்மண்ணில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, முந்திரிகைப் பந்தல் போட்டிருந்தார். கொடியைக் கத்தரித்துவிட்டால் நான்கு மாதத்தில் குலை பழுக்கும். பூஞ்சை பிடிக்காமல் இருக்க துருசையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிப்பார். அந்தக் கலவைக்கு போர்டோ கலவை என்று பெயர் சொல்வார். போர்டோ என்றால் என்ன என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிரான்ஸில் வைனுக்குப் பேர்போன ஓர் ஊர் அது, அங்குள்ள தோட்டங்களில்தான் அந்த மருந்து கண்டுபிடிக்கப்பட்டது என்பது கிடங்கில் போர்தோ என்று அச்சிட்ட பெட்டிகளைச் சுமந்தபோதுதான் விளங்கியது.

போர்தோவில்தான் முசாரின் கதையும் தொடங்குகிறது. காஸ்தோன் ஹோஷார் என்ற லெபனான் இளைஞர் அங்கே போய், தோட்டங்களையும் நிலவறைகளையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். 1930இல், தம்முடைய இருபதாவது வயதில், கஸீர் என்ற மலைக்கிராமத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்றின் நிலவறையில் வைன் செய்யத் தொடங்கினார். கஸீர் ஜூனியேக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிறது. சித்தி துணி உலர்த்திய மாடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் அந்த மலை தெரிந்திருக்கும். அப்போது லெபனான் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. உள்ளூரில் பெரும்பாலோர் குடித்தது சோம்பு மணக்கும் அரக். வைனைத் தேடி வாங்கியவர்களில் பிரெஞ்சு அதிகாரிகளும் படையினரும் அதிகம். நாட்டின் பழைய வைன் நிலையமான க்ஸாராவை இயேசு சபைத் துறவிகள் 1857இலேயே தொடங்கியிருந்தார்கள். பினீசியர் என்ற பழங்காலக் கடலோடிகளின் காலத்தில் கப்பல் கப்பலாக வைன் ஏற்றிய கரை அது; பால்பெக்கில் உரோமர்கள் மதுவின் கடவுளுக்குக் கட்டிய கோயில் இன்றும் நிற்கிறது. ஆனாலும் 1930இல் ஓர் இளைஞருக்கு அது புதுத் தொழில்தான்.

அவர் செய்த ஒரு தீர்மானம் அடுத்த அறுபது ஆண்டுகளைப் பாதித்தது. நல்ல முந்திரிகை விளைவது பெக்கா பள்ளத்தாக்கில். லெபனான் மலைத்தொடருக்கும் அதற்குக் கிழக்கே இருக்கும் எதிர்மலைத் தொடருக்கும் நடுவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் நீண்டு கிடக்கும் சமவெளி அது. வைன் நிலையத்தைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் கட்டுவதுதான் எவரும் செய்வது. பறித்த பழம் வெயிலில் காத்திருக்கக் கூடாது; நசுங்கிய பழம் தானாகவே புளிக்கத் தொடங்கிவிடும். காஸ்தோனோ நிலையத்தை மலைக்கு இந்தப் பக்கம், கடலைப் பார்த்த கஸீரில் வைத்தார். காரணம் எல்லைக்கோடு என்கிறார்கள். 1920இல் பிரான்ஸ் வரைந்த லெபனானுக்குள் பெக்கா சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் அது சிரியாவுக்குப் போய்விடும் என்ற பேச்சு அப்போது ஓயவில்லை. தோட்டம் போனாலும் நிலையம் தப்பட்டும் என்று நினைத்திருக்கிறார். ஆகவே, ஒவ்வோர் அறுவடையின்போதும் பழம் ஒரு மலையைக் கடந்தாக வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது ரொனால்ட் பார்ட்டன் என்ற படை அதிகாரி லெபனானில் பணியாற்றினார். போர்தோவில் புகழ்பெற்ற வைன் தோட்டங்களுக்கு உரிமையான குடும்பத்தவர். காஸ்தோனும் அவரும் மிக நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். காஸ்தோனின் இரண்டாவது மகனுக்கு ரொனால்ட் என்று பெயர் வைத்தது அந்த நட்பின் அடையாளம். மூத்த மகன் செர்ஜ், 1939இல் பிறந்தவர். பொறியியல் படித்துவிட்டு போர்தோவுக்குப் போய் எமில் பெய்னோ போன்ற பெரிய ஆசிரியர்களிடம் வைன் செய்யும் அறிவியலைக் கற்றார். 1959இல், படிப்பு முடியும் முன்பே, முசாரின் வைனைச் செய்யும் பொறுப்பை ஏற்றார். தாம் நினைத்த சிவப்பு வைன் கைக்கு வரப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின என்று அவர் சொல்லியிருக்கிறார்.

பதினெட்டைக் கூட்டிப் பார்த்தால் 1977. அதற்குள் நாடு எரிந்துகொண்டிருந்தது.

செர்ஜின் முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. அதை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்துப் பனை உதவியது. பனையில் கட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது கருப்பநீர். தடவாவிட்டால் கள். கள்ளுக்கு யாரும் எதையும் சேர்ப்பதில்லை. காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் இருக்கும் நுண்ணுயிர் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. போர்தோவில் நவீன வேதியியல் கற்று வந்த செர்ஜ், அந்த அறிவைக் கொண்டு எதைச் செய்யாமல் விடலாம் என்று தேடினார். கடையில் வாங்கிய ஈஸ்ட் சேர்க்கவில்லை. பழத்தின் தோலில் இருப்பதே போதும் என்றார். வைன் கெடாமல் காக்கும் கந்தக மருந்தை மிகக் குறைவாகவே சேர்த்தார். வைனை வடிகட்டித் தெளிய வைக்கவில்லை. கபெர்னே சொவின்யோன், சின்சோ, கரிஞ்ஞான் என்ற மூன்று கறுப்பு முந்திரிகைகளும் சிமெந்துத் தொட்டியில் தனித்தனியே புளிக்கும். பிறகு ஓராண்டு பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாயில் இருக்கும். மூன்றையும் கலந்து, அறுவடையான மூன்றாம் ஆண்டின் இறுதியில் போத்தலில் அடைத்து, மேலும் நான்கு ஆண்டுகள் நிலவறையில் கிடத்தி, ஏழாம் ஆண்டில்தான் விற்பனைக்கு வரும். நான் 1998இல் சுமந்தது 1991 என்பதன் கணக்கு அதுதான்.

வெள்ளை வைனுக்கு ஒபைதே, மெர்வா என்ற இரண்டு உள்ளூர் வகைகள். இன்னும் உயரமான மலைச்சரிவுகளில், வேறு வேரில் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரில் வளரும் பழஞ்செடிகள் அவை. வெள்ளை வைன் இளமையிலேயே குடிக்க வேண்டியது என்று உலகம் நினைத்திருக்க, அதையும் செர்ஜ் ஏழாண்டு உறங்க வைத்தார். சிவப்பைவிட வெள்ளையையே பின்னால் குடிக்கக் கொடுப்பார். அந்த ஒபைதேயிலிருந்து அரக்கும் வடிக்கிறார்கள். அரக் என்ற அரபுச் சொல்லுக்கு வியர்வை என்று பொருள். வடிகலத்தில் துளிதுளியாய்ச் சேர்வதைப் பார்த்து வைத்த பெயர். கிழக்கே பயணப்பட்ட அந்தச் சொல்தான் இலங்கைத் தென்னஞ்சாராயத்துக்கும் ஆங்கிலத்தில் பெயராகி நிற்கிறது.

1975இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. அதுவரை முசார் விற்றது பெரும்பாலும் லெபனானுக்குள்ளேயே. வாங்கியவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள், உணவகங்கள் மூடின. கஸீர் இருந்த கரையோரம் கிறிஸ்தவப் படைகளின் கையில். தோட்டம் இருந்த பெக்காவில் சிரியப் படை. 1930இல் காஸ்தோன் பயந்த கோடு, யாரும் நாட்டின் வரைபடத்தில் வரையாமலேயே, அவர் தோட்டத்துக்கும் தொட்டிக்கும் நடுவில் விழுந்துவிட்டது. 1976இல் வைன் இல்லை. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட், செப்டெம்பரில் லொறிகள் சோதனைச்சாவடி சோதனைச்சாவடியாக நின்று, வழி திறந்த நேரம் பார்த்து, மலை ஏறி இறங்கின. 1982இல் இஸ்ரேலியப் படை நாட்டுக்குள் வந்தது. அடுத்த அறுவடையின்போது தோட்டங்களின் பக்கம்தான் இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்றன. அந்த ஆண்டும் பழம் வந்தது.

1984இல் நிலைமை கைமீறியது. சாதாரண நாளில் சில மணி நேரத்தில் முடியும் பயணம். சண்டை வழிகளை அடைத்துவிட, லொறிகள் சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. பழம் நாட்கணக்கில் வழியில் கிடந்தது. கஸீர் வந்து சேர்ந்தபோது லொறியிலேயே புளிக்கத் தொடங்கியிருந்தது. அப்படியும் செர்ஜ் அதைக் கொட்டிவிடவில்லை. தொட்டியில் இட்டார், வைன் ஆக்கினார், எடுத்து வைத்தார். ஆனால் முசார் என்று கடைக்கு அனுப்பும் வைனாக அவர் அதைக் கருதவில்லை. அதே 1984இல்தான் இலண்டனில் வெளியாகும் டிகாண்டர் என்ற வைன் இதழ், ‘ஆண்டின் மனிதர்’ என்ற தன் முதல் விருதை அவருக்குக் கொடுத்தது.

அந்த விருதுக்கு முன்கதை 1979. உள்ளூர்ச் சந்தை செத்துவிட்டதால் போத்தல்களை எடுத்துக்கொண்டு இங்கிலாந்து வந்த செர்ஜ், பிரிஸ்டல் நகரில் நடந்த வைன் கண்காட்சியில் ஒரு சிறு இடம் பிடித்தார். கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் வைன் நிபுணர் மைக்கேல் பிராட்பென்ட் 1967ஆம் ஆண்டு முசாரைச் சுவைத்துவிட்டு, கண்காட்சியின் கண்டுபிடிப்பு இதுவே என்று எழுதினார். போரினால் வீட்டு வாசல் அடைபட்ட ஒரு வைனுக்கு இங்கிலாந்தின் வாசல் அப்படித் திறந்தது. நான் வேலை செய்த கிடங்கில் அந்தப் பெட்டிகள் வந்து நின்றதும் அந்த வழியாகத்தான்.

செர்ஜைப் பற்றி ஒரு கதை உண்டு. போரின் கடைசிக் கட்டத்தில் பெய்ரூட்டில் எறிகணை மழை. எல்லோரும் பதுங்கும் இடத்துக்கு ஓட, அவர் தம் வீட்டிலேயே அமர்ந்து 1972ஆம் ஆண்டு முசார் ஒன்றைத் திறந்து, பெரிய கிண்ணம் ஒன்றில் முழுதையும் ஊற்றி, பன்னிரண்டு மணி நேரம் மெல்ல மெல்லக் குடித்தார். ஒவ்வொரு மணிக்கும் அந்த வைன் எப்படி மாறியது என்று கவனித்தார். வைன் பற்றி எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதை மிகவும் விருப்பமானது. எனக்கு அதை முழுமனத்தோடு ரசிக்க முடிவதில்லை. நாங்கள் வாழைக்குக் கீழே வெட்டிய பங்கருக்குள் தண்ணீர் ஊற, அம்மா செபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டு இருந்த இரவுகள் நினைவுக்கு வந்துவிடும். அவருடைய தைரியத்தை மதிக்கிறேன். ஆனால் என் மனம் போவது வேறு ஆட்களிடம். பெக்காவில் முசாரின் பழத்தைப் பறித்தவர்கள் பெதுயின் மக்கள், கூடாரம் போட்டு வாழும் நாடோடிகள். எறிகணை விழும் நாளிலும் குலை பழுத்தால் பறித்தாக வேண்டும். பறித்ததை ஏற்றிக்கொண்டு எந்தச் சாவடியில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் மலைப்பாதையில் லொறி ஓட்டியவர்கள் இருந்தார்கள். பதினைந்து ஆண்டுப் போரில் தவறியது இரண்டே அறுவடைகள் என்று புத்தகங்கள் பெருமையோடு சொல்கின்றன. மற்ற ஆண்டுகள் அந்த ஓட்டுநர்களின் கணக்கில் எழுதப்பட வேண்டியவை. அவர்களில் ஒருவரின் பெயரையாவது அச்சில் பார்க்க வேண்டும் என்று இன்றுவரை ஆசைப்படுகிறேன்.

ஐயாவும் பழம் சுமந்தவர்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு உரம் வராது, எரிபொருள் வராது. இறைக்கும் இயந்திரம் நின்றுபோக, துலாவில் தண்ணீர் அள்ளினோம். குலைகளைக் கடகத்தில் வைக்கோல் பரப்பி அடுக்கி, சைக்கிளின் பின்னால் கட்டி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு விடியும் முன்பே மிதிப்பார். விமானச் சத்தம் கேட்டால் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுக் கடகத்தின் மேல் குனிந்துகொள்வாராம். தலையைக் காப்பாற்றாமல் பழத்தைக் காப்பாற்றினாரே என்று அம்மா கடைசிவரை குறைப்பட்டார்.

1995 அக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, எங்கள் ஊர் இருந்த வலிகாமப் பகுதியே எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. மழை. அந்த முறை கொடியைக் கத்தரித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. துளிர் விட்டிருந்தது. ஐயா புறப்படும் முன் பந்தலுக்குக் கீழே போய்ச் சற்று நேரம் நின்றார். அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது கல்தூண்கள் நின்றன. கம்பி இல்லை, கொடி இல்லை.

2018 செப்டெம்பரில் நான் லெபனான் போனேன். அந்தப் பாதையை ஒருமுறை கடக்க வேண்டும் என்பது இருபது ஆண்டு ஆசை. பெய்ரூட்டிலிருந்து டமஸ்கஸ் சாலை ஏறி, 1,500 மீட்டருக்கு மேல் உயர்ந்த தார் எல் பைதார் கணவாயில் காற்று சட்டென்று குளிர்கிறது. அதைத் தாண்டியதும் கீழே பெக்கா, பாய் விரித்ததைப் போலக் கிடக்கிறது. ஷ்தூரா கடந்து தெற்கே திரும்பினால் கெஃப்ராயா, அம்மீக் பக்கம் முசாரின் தோட்டங்கள். பந்தல் போடாத முந்திரிகையை அங்கேதான் முதன்முதலில் தொட்டுப் பார்த்தேன். இடுப்பளவுகூட இல்லாத செடி, முறுக்கிய அடிமரத்தோடு தன் காலிலேயே நிற்கிறது. காலடியில் சரளைக்கல், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். எங்கள் செம்மண்ணுக்குக் கீழேயும் சுண்ணாம்புக்கல்தான். ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

லொறிகள் போன திசையிலேயே மலையைத் திரும்பக் கடந்து கஸீருக்குப் போனேன். நிலவறையில் போத்தல்கள் படுத்த நிலையில் சுவர் சுவராக அடுக்கியிருந்தன. செர்ஜ் 2014 டிசம்பர் 31 அன்று மெக்சிகோவில் கடலில் நீந்தும்போது இறந்துவிட்டார், வயது 75. குடும்பத்தின் அடுத்த தலைமுறை நிலையத்தை நடத்துகிறது. சுவைக்கத் தந்தவற்றில் ஒன்றில் லேசான காடி மணம் இருந்தது. முசாரின் மேல் வைன் அறிவியலாளர்கள் சொல்லும் பெரிய குற்றம் அதுதான். ஒவ்வொரு போத்தலும் ஒவ்வொரு மாதிரி என்பது அடுத்தது. நான் கிடங்கில் தொடங்கி இருபது ஆண்டுகள் இந்தத் தொழிலிலேயே இருந்தவன். எங்கே திறந்தாலும் எந்த ஆண்டைத் திறந்தாலும் ஒரே சுவை தரும் வைன்கள் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றையும் நினைவு வைத்திருக்கவில்லை. வெயில் கூடிய ஆண்டு வெயிலோடும் மழை பிந்திய ஆண்டு அதன் குறையோடும் வருவது எனக்கு நேர்மையாகப் படுகிறது.

1995 இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. ஒரு போத்தல் வாங்கினேன்.

அந்த டிசம்பரில் அதை உரும்பிராய்க்குக் கொண்டுபோனேன். ஐயாவுக்கு அப்போது 81 வயது. எப்போதாவது கள் குடிப்பாரே தவிர வைன் குடித்ததில்லை. கல்லை முதலில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்து, நகத்தால் சுரண்டி, திண்ணையில் வைத்துக்கொண்டார். போத்தலைக் காலையிலேயே நிமிர்த்தி வைத்திருந்தேன், மண்டி அடியில் இறங்கட்டும் என்று. மாலையில் மெதுவாகச் சில்வர் பேணியில் ஊற்றினேன். சிவப்பு மங்கி, செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. அவர் முதலில் மணந்தார். பிறகு ஒரு மிடறு. கண்ணை மூடியபடி கொஞ்ச நேரம் இருந்தார். போத்தலை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்து அடியில் இருந்த மண்டியைப் பார்த்தார். ஒட்டியிருந்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

“1995, ஐயா. அந்த வருடத்துப் பழம்.”

பேணியைத் திண்ணையில், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். முற்றத்துக்கு அப்பால், இப்போதும் நிற்கும் கல்தூண்களின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, அந்த வருடம் அங்கே எப்போது கத்தரித்தார்களாம்?” என்று கேட்டார்.